அல்தாய் மலையில் அரியணை ஏறிய அனுமானம்

நாம் பாடம் சொல்லும் வகுப்பறையின் சுவரிலே ஒரு படம் தொங்குகிறது. உலக மொழிக் குடும்பங்களை வண்ணம் பிரித்துக் காட்டும் படம். அதிலே ஒரு மஞ்சள் வண்ணம் இஸ்தான்புல் நகரிலே எழுகிறது. காஸ்பியன் கடலைச் சுற்றிக்கொண்டு நடு ஆசியப் புல்வெளியிலே படர்கிறது. மங்கோலியாவை மூடி, மஞ்சூரியக் காடுகளிலே புகுந்து, கொரியாவைக் கடந்து, கடலையும் தாவி, டோக்கியோவிலே போய் ஓய்கிறது. அவ்வளவு பெரிய நிலப்பரப்பின் மீது ஒரே ஒரு சொல் எழுதப்பட்டிருக்கிறது: 'அல்தாய்'.

பதின்மூன்று வயது மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "ஐயா, நம் மொழிக் குடும்பத்திலே தமிழரும் கன்னடரும் 'மூன்று', 'மூரு' என்கிறோம். துருக்கியரும் ஜப்பானியரும் மூன்றை எப்படிச் சொல்வார்கள்?" கேள்வி சிறியது. விடை நம்மிடம் இல்லை. நாளை சொல்கிறோம் என்று நாணத்தோடு சொல்லிவிட்டு நூலகம் சென்றோம். ஒரு நாளில் முடியும் என்று எண்ணிச் சென்ற வேலை மாதங்களை விழுங்கிற்று. முடிவிலே நமக்கு மிஞ்சியது விடை மட்டுமன்று, சினமும்கூட. சான்றுக்கு முன்னே சாயம் பூசப்பட்ட படத்தைக் காட்டியல்லவா இத்தனை நாள் பாடம் சொன்னோம்!

மூன்று என்பதைத் துருக்கியர் 'உச்' என்பர். மங்கோலியரின் பழைய ஏட்டுமொழி 'குர்பன்' என்கிறது. மஞ்சு மொழி 'இலன்' என்கிறது. கொரியர் 'செத்' என்பர். ஜப்பானியரின் சொந்தச் சொல் 'மி'. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாம் இவர்கள்! முகத்திலே ஒற்றுமை உண்டா? தேடிப் பாருங்கள், தோழர்களே!

இந்தக் குடும்பம் எப்படிப் பிறந்தது என்று முதலில் காண்போம். 1709-ஆம் ஆண்டு பொல்தாவாப் போரிலே ருஷ்யாவிடம் தோற்றது ஸ்வீடன். சிறைப்பட்ட ஸ்வீடன் நாட்டு அதிகாரிகளிலே ஒருவர் ஸ்ட்ராலன்பெர்க். சைபீரியாவிலே கைதியாகக் கழிந்த ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை. அங்குள்ள மக்களைக் கண்டார், அவர்தம் சொற்களைக் குறித்தார், விடுதலை பெற்றபின் 1730-இல் நூலாக வெளியிட்டார். கைதியின் குறிப்பேட்டிலிருந்து ஓர் ஆராய்ச்சி முளைத்தது என்றால் அது போற்றத்தக்கதே. அவரை நாம் குறை கூறவில்லை. அடுத்த நூற்றாண்டிலே ஃபின்லாந்தின் காஸ்திரேன் வந்தார். பனியிலும் பிணியிலும் சைபீரியாவைச் சுற்றி அலைந்து, நாற்பது வயது நிறையுமுன்னே 1852-இல் மாண்டார். ஃபின்னியம், துருக்கியம், மங்கோலியம், துங்கூசியம் யாவற்றையும் ஒரே கூரையின் கீழ் நிறுத்தி, அக்கூரைக்கு அல்தாய் மலையின் பெயரைச் சூட்டியவர் அவர். ஃபின்லாந்தின் மொழி பின்னாளிலே அந்தக் கூரையை விட்டு வெளியேறிற்று. அதன் உறவு ஹங்கேரியத்தோடு தனியே நிலைநாட்டப்பட்டது. கூரை கட்டியவரின் தாய்மொழியே வெளியேறிய பிறகும் கூரை மட்டும் அங்கேயே நின்றது!

இவ்வாறு கூரை வேய்ந்து கொண்டிருந்த காலத்திலேதான் மாக்ஸ்முல்லர் பெரிய கூடை ஒன்றைக் கொணர்ந்தார். 'தூரானியம்' என்று அதற்குப் பெயர். ஆரியமும் அல்லாத, செமித்தியமும் அல்லாத ஆசிய மொழிகளையும், ஐரோப்பாவின் சிலவற்றையும், அதிலே அள்ளிப் போட்டார். துருக்கியம் அதிலே, மங்கோலியம் அதிலே, தமிழும் அதிலே! உறவு எது என்று காட்டி இணைத்த குடும்பமா அது? அல்ல. 'இன்னது அல்ல' என்பதையே இலக்கணமாகக் கொண்ட குப்பைக் கூடை. 1856-இலே ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று நிலைநாட்டியவர். அப்பெருமகனார்கூட நம் மொழிகளைச் 'சித்தியக்' கூட்டத்தோடு உறவுபடுத்தப் பல பக்கங்கள் செலவிட்டார். அவர் நாட்டிய தனிக் குடும்பம் இன்றும் அசையாது நிற்கிறது. அவர் நீட்டிய சித்திய உறவு உதிர்ந்துவிட்டது. ஒரே ஆசிரியர், ஒரே நூல். ஒன்று நின்றது, மற்றொன்று வீழ்ந்தது. ஏன்? முன்னதற்குச் சான்று இருந்தது, பின்னதற்குச் சாயல் மட்டுமே இருந்தது.

சான்றுக்கும் சாயலுக்கும் வேறுபாடு என்ன? புரியாத மொழிகளைத் தேடி ஓட வேண்டா. ஓசூரைத் தாண்டினால் போதும். நாம் பால் என்கிறோம், கன்னடர் ஹாலு என்கிறார். நாம் பல் என்கிறோம், அவர் ஹல்லு என்கிறார். பத்து ஹத்து ஆகிறது, புலி ஹுலி ஆகிறது. பழைய கன்னடக் கல்வெட்டுகளைப் புரட்டினால் அங்கே பகரமே இருக்கிறது. பின்னரே ஹகரம் வந்தது என்பது கண்கூடு. ஒரு சொல்லிலே அன்று, சொல்லுக்குச் சொல் ஒழுங்காக நிகழ்ந்த மாற்றம் இது. இதுவே ஒலிவிதி. ஐரோப்பிய மொழிகளிலும் இத்தகைய விதியைத்தான் ஜேக்கப் கிரிம் 1822-இலே வகுத்துக் காட்டினார். லத்தீனத்தின் 'பாத்தெர்' ஆங்கிலத்திலே 'ஃபாதர்' ஆனது. 'பேத்' என்ற கால் 'ஃபுட்' ஆனது. 'பிஸ்கிஸ்' என்ற மீன் 'ஃபிஷ்' ஆனது. காதுக்கு ஒத்தொலிப்பதால் உறவு என்று இங்கே சொல்லப்படவில்லை. எங்கெல்லாம் ஒலி வேறுபடுகிறதோ அங்கெல்லாம் ஒரே முறையிலே வேறுபடுகிறது என்பதாலேயே உறவு ஒப்புக்கொள்ளப்பட்டது.

இந்த உரைகல்லை எடுத்துக்கொண்டு அல்தாய்க்குச் செல்வோம். ஒன்று முதல் ஐந்து வரை துருக்கியர் எண்ணுவது: பிர், இக்கி, உச், தோர்த், பெஷ். மங்கோலிய ஏட்டுமொழி எண்ணுவது: நிகென், கொயர், குர்பன், தோர்பென், தபுன். மஞ்சு எண்ணுவது: எமு, ஜுவெ, இலன், துயின், சுஞ்ச. நான்கு மட்டும் மூன்றிலும் ஒத்திருக்கிறது. மறைக்கவில்லை, மறைத்தால் நாமும் மஞ்சள் பூசியவர்களின் கூட்டத்திலே சேர்ந்துவிடுவோம். ஆனால் ஐந்து விரலிலே ஒரு விரல் ஒத்திருந்தால் இரண்டும் ஒரே கை என்று யார் சொல்வார்?

"எண்ணுப் பெயர்கள் மறைந்து போவதுண்டு, கடன் வாங்கப்படுவதுமுண்டு" என்கிறார்கள் அல்தாய்க் கட்சியினர். உண்மைதான். பலூசிஸ்தானத்துப் பிராகுயி நம் குடும்பத்து மொழி. அதிலே இரண்டும் மூன்றும் 'இராட்', 'முசிட்' என்று நம் சாயலிலே நிற்கின்றன. நான்கு முதல் மேலே இரானியக் கடன். கொரியரும் ஜப்பானியரும் சீனத்து எண்களையும் சேர்த்து வழங்குகிறார்கள். எண் மட்டும் இல்லையென்பதற்காக ஒரு குடும்பத்தை நாம் கலைத்துவிட மாட்டோம். ஆனால் எண் போனால் கண்ணாவது இருக்க வேண்டாமா? துருக்கியத்திலே கண் 'கோஸ்', மங்கோலிய ஏட்டுமொழியிலே 'நிதுன்', மஞ்சுவிலே 'யச'. மூக்கு முறையே 'புருன்', 'கமர்', 'ஒஃபொரொ'. தலை 'பாஷ்', 'தொலொகய்', 'உஜு'. குருதி 'கான்', 'சிசுன்', 'செங்கி'. சந்தையிலே கடன் வாங்கும் சரக்குகளா இவை? குதிரைக்குச் சேணம் வாங்கலாம், அரசனுக்குப் பட்டப்பெயர் வாங்கலாம். கண்ணையும் மூக்கையுமா ஒருவன் பக்கத்து வீட்டிலே கடன் கேட்பான்? ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்ட் டோர்ஃபர் வாழ்நாள் முழுதும் எழுப்பிய கேள்வியின் சாரம் இதுதான். ஒத்திருப்பவையெல்லாம் கடன் வாங்கத்தக்க சொற்கள். கடன் வாங்க அரியவை ஒத்திருக்கவில்லை. அவர் கண்ட மற்றொன்றும் உண்டு. துருக்கியத்துக்கும் துங்கூசியத்துக்கும் பொதுவாகக் காணும் சொற்களிலே பெரும்பாலானவை இடையிலே மங்கோலியத்திலும் இருக்கின்றன. மங்கோலியத்தை விலக்கிவிட்டு அவ்விரண்டும் மட்டும் நேரே பகிர்ந்துகொள்ளும் சொற்கள் மிகக் குறைவு. தாய்வழிச் சொத்து என்றால் அண்ணனுக்கும் கடைசித் தம்பிக்கும் நேராகவே பங்கு கிடைத்திருக்குமே! கைமாறிக் கைமாறி வந்த பண்டம் என்றால்தான் நடுவில் இருப்பவன் கைரேகை எல்லாவற்றின் மீதும் படியும்.

அடுத்து அவர்கள் கையிலெடுக்கும் ஆயுதம் உண்மையிலேயே கூர்மையானது. துருக்கியத்தில் ஸகரம் வரும் இடத்திலே மங்கோலியத்தில் ரகரம் வருகிறது. எருது அங்கே 'ஒகுஸ்', இங்கே 'உகெர்'. இரட்டைப் பிள்ளைகள் அங்கே 'இகிஸ்', இங்கே 'இகிரெ'. ஒழுங்கான ஒலிவிதி அல்லவா இது? நாம் சற்று முன் சொன்ன பால், ஹாலு போன்றதல்லவா? இதைப் படித்தபோது நாம்கூட ஒரு வாரம் தடுமாறினோம். எழுதத் தொடங்கிய கட்டுரையை மடித்து வைத்துவிட்டோம். அப்போது குறுக்கே வந்தது வோல்கா ஆற்றங்கரையின் சுவாஷ் மொழி. அது துருக்கியக் குடும்பத்தின் தனிக்கிளை. மற்றத் துருக்கியர் ஸகரம் ஒலிக்கும் இடத்திலே சுவாஷ் மக்கள் ரகரம் ஒலிக்கிறார்கள். எருதுக்கு அவர்கள் சொல் 'வகர்'. ஆக, ரகரம் பேசிய துருக்கியக் கிளையொன்று பண்டைக்காலத்திலேயே இருந்தது. அதன் மக்களிடமிருந்து மங்கோலியரின் முன்னோர் எருதையும் கன்றையும் வாங்கும்போது சொல்லையும் சேர்த்து வாங்கியிருந்தால் இந்த ஒழுங்கு தானே கிடைத்துவிடும். கடன் வாங்கிய சொற்களிலும் ஒழுங்கு இருக்கும். ஒரே கடையிலே வாங்கிய துணிகளிலே ஒரே கரை இருப்பது போல! விதி இருக்கிறது என்பது உண்மை. அது ஒரு குடும்பத்தைத்தான் காட்டுகிறது என்பது உண்மையன்று.

இங்கிலாந்தின் ஜெரார்ட் கிளாசன் இதைத்தான் 1956-இல் எழுதினார். பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர் அவர், குடியேற்ற நாட்டு அலுவலகத்திலே கோப்புப் பார்த்துக் காலம் கழித்த அதிகாரி. (கோப்புப் பார்ப்பவர்களும் ஓய்வு நேரத்திலே இப்படிப்பட்ட வேலை செய்யலாம் என்பதை நம் அலுவலக நண்பர்கள் கவனிப்பார்களாக!) அவர் வைத்த வாதம் எளியது. உண்மையான உறவுமொழிகள் காலத்திலே பின்னோக்கிச் செல்லச் செல்ல நெருங்க வேண்டும். சங்ககாலத் தமிழும் பழங்கன்னடமும் இன்றைய தமிழையும் கன்னடத்தையும்விட ஒன்றுக்கொன்று அண்மையில் நிற்பது போல. துருக்கியத்தின் பழைய சான்றுகள் மங்கோலியாவின் ஒர்கோன் பள்ளத்தாக்கிலே 732, 735 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகளாக நிற்கின்றன. டென்மார்க்கின் வில்ஹெல்ம் தாம்சன் 1893-இலே அவற்றின் எழுத்தைப் படித்து வெளிப்படுத்தினார். மங்கோலியத்துக்கு 13-ஆம் நூற்றாண்டு முதல் எழுத்துச் சான்று உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நெருங்கவில்லை, விலகுகின்றன! பொதுச்சொற்கள் காலம் செல்லச் செல்லக் கூடுகின்றன. உறவினர் பிரிந்ததன் அடையாளமா இது? அயலார் பழகியதன் அடையாளமல்லவா?

"ஆனால் அமைப்பைப் பாருங்கள்!" என்று இறுதிக் கோட்டைக்குள் புகுவார்கள். துருக்கியத்திலே 'எவ்' என்றால் வீடு, 'எவ்லெர்' வீடுகள், 'எவ்லெரிம்' என் வீடுகள், 'எவ்லெரிம்தெ' என் வீடுகளில். மணி கோப்பது போல் ஒட்டிக்கொண்டே போகிறது. வினை இறுதியில் வருகிறது. பெயரடை முன்னே நிற்கிறது. பகுதியின் உயிருக்கு ஏற்ப விகுதியின் உயிர் இசைகிறது: வீடுகளுக்கு 'லெர்', குதிரைகளுக்கு 'லர்'. மங்கோலியத்திலும் இப்படித்தான், மஞ்சுவிலும் ஏறத்தாழ இப்படித்தான் என்கிறார்கள்.

அப்படியா? வீடு, வீடுகள், வீடுகளில் என்று நாமும்தானே ஒட்டுகிறோம்? வினையை நாமும்தானே கடைசியிலே வைக்கிறோம்? தெலுங்கிலே நான்காம் வேற்றுமை உருபு இகரத்தின் பின் 'கி' என்றும் மற்ற இடத்திலே 'கு' என்றும் இசைகிறதே! தென் அமெரிக்க மலைகளிலே கெச்சுவா பேசுவோரும் ஒட்டுகிறார்கள், வினையை இறுதியிலே வைக்கிறார்கள். அவர்களையும் அல்தாய் மலையடிவாரத்துக்கு அழைத்து வந்துவிடலாமா? அமைப்பு என்பது உடை போன்றது. அயலாரோடு நெடுங்காலம் வாழ்ந்தால் மாறும். எமனோ என்னும் அமெரிக்க அறிஞர் 1956-இலே இந்திய மொழிகளை வைத்தே இதை மெய்ப்பித்தார். நம் மொழிகளும் வடவர் மொழிகளும் வெவ்வேறு குடும்பங்கள். ஆனாலும் டகர ணகர ஒலிகளும் சொற்றொடர்ப் போக்குகளும் எல்லைகளை மதியாமல் பரவியிருக்கின்றன. ருமானியம், பல்கேரியம், அல்பானியம் மூன்றும் சுட்டுக்குறியைப் பெயரின் வாலிலே கட்டுகின்றனவே, பக்கத்து வீட்டுப் பழக்கத்தாலன்றி வேறெதனால்? ஸ்டெப்பிப் புல்வெளியிலே கூடாரங்கள் நகர்ந்தன, பேரரசுகள் எழுந்து வீழ்ந்தன, மணவுறவுகள் நடந்தன. அங்கே மொழிகள் ஒன்றையொன்று தொடாமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

ஒன்றை மட்டும் நம்மால் எளிதிலே தள்ள முடியவில்லை. நான் என்பதற்குத் துருக்கியத்திலே 'பென்', மங்கோலியத்திலே 'பி', மஞ்சுவிலும் 'பி'. நீ என்பதற்கு 'சென்', 'சி', 'சி'. தன்மையும் முன்னிலையும் கடன் வாங்கப்படுவது அரிது. இது சான்றுதான், ஆனால் எவ்வளவு கனமுள்ள சான்று? ஃபின்னியத்திலே 'மினா', 'சினா'. அதைத்தான் கூரையிலிருந்து வெளியேற்றியாயிற்று. லத்தீனத்திலும் 'மே', 'தே' என்ற வடிவங்கள் உண்டு. ஓரசைச் சொற்களை வைத்துக்கொண்டு யூரேசியா முழுவதையும் உறவாக்கிவிடலாம். இவ்விடத்திலே வழக்கு முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறோம். முடியாத வழக்கிலே தீர்ப்பு எழுதி, அதைச் சுவரிலே ஒட்டிவைத்ததுதான் நம் குற்றச்சாட்டு.

தீர்ப்பு எழுத முயன்றவர்களில் பெரிய முயற்சி 2003-இலே வெளிவந்தது. ஸ்தாரோஸ்தின், தீபோ, முத்ராக் என்னும் ருஷ்ய அறிஞர் மூவர், ஏறத்தாழ 2,800 வேர்ச்சொற்கள் கொண்ட அல்தாய்ச் சொற்பிறப்பு அகராதியை மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தார்கள். உழைப்பு மலைபோன்றது. ஆனால் மலையைக் குடைந்து பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? பொருள் எங்கோ ஒன்று இன்னோரிடத்திலே வேறொன்று என நீட்டிப் பொருத்தப்பட்டிருக்கிறது. ஒரு கிளையிலே மட்டும் அரிதாகக் கிடைக்கும் சொல் முதுமொழியின் வேராக்கப்பட்டிருக்கிறது. விதிகள் சொல்லுக்கேற்ப வளைகின்றன என்றார்கள். ஸ்டெஃபான் கியோர்க் 2004-இலும், அலெக்சாந்தர் வோவின் 2005-இலும் கடுமையாக மறுத்து எழுதினர். இந்த வோவினைப்பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் முன்பு அல்தாய்க் கொள்கையை ஆதரித்தவர். சான்றுகளைத் தாமே துருவித் துருவி ஆராய்ந்து, கொண்ட கொள்கையைக் கைவிட்டு, அதன் முடிவை அறிவிக்கும் கட்டுரையைத் தாமே எழுதினார். தம் பழைய எழுத்துக்குத் தாமே எதிர்வழக்காடும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? 2022-இல் அவர் மறைந்தபோது நம் நாட்டு ஏடு எதிலும் இரங்கல் வரி ஒன்றையும் நாம் காணவில்லை.

அரியணையிலிருந்து இறங்கிய அனுமானம் பெயரை மாற்றிக்கொண்டு திரும்பிற்று. 'டிரான்ஸ்யூரேசியம்' என்பது புதுப் பலகை. 2021 நவம்பரிலே மார்த்தினே ராபெட்ஸ் தலைமையிலே பெருங்கூட்டமாக அறிஞர்கள் 'நேச்சர்' இதழில் எழுதினர். 98 மொழிகளின் சொற்கள், 255 தொல்லியல் இடங்கள், பண்டை எலும்புகளின் மரபணு மூன்றையும் இணைத்து, ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் சீனத்தின் மேற்கு லியாவ் ஆற்றங்கரையிலே தினை விதைத்த உழவரின் மொழியே இவை அனைத்துக்கும் தாய் என்றனர். செய்தித்தாள்கள் பலவும் புதிர் அவிழ்ந்தது என்று பறை அறைந்தன. அடுத்த ஆண்டே மொழியியலார், தொல்லியலார், மரபணு அறிஞர் சேர்ந்து மறுப்பு எழுதினர்: மூன்று தூண்களிலே ஒன்றும் அந்தக் கூரையைத் தாங்கவில்லை என்று. அதற்குப் பறை அடிக்க ஆளில்லை! தினை பரவியது உண்மையாயிருக்கலாம். மக்கள் பெயர்ந்ததும் உண்மையாயிருக்கலாம். ஆனால் எலும்பு பேசாது, தோழர்களே! மண்டையோட்டின் மரபணு அதன் நாவிலே எந்தச் சொல் இருந்தது என்று சொல்லாது. மொழிக்குச் சான்று மொழியிலேதான் கிடைக்க வேண்டும்.

"அறிஞர்கள் அடித்துக்கொள்ளட்டும், நமக்கென்ன?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நமக்கென்னவா? மொழியின் பிறப்பை அறிவு தீர்மானிக்காமல் ஆசை தீர்மானித்தால் என்ன நேரும் என்பதற்கு வரலாறு பாடம் வைத்திருக்கிறது. 1936-இலே இஸ்தான்புல்லின் தோல்மாபாச்சே அரண்மனையிலே துருக்கி மொழி மாநாடு கூடிற்று. 'சூரிய மொழிக் கொள்கை' அங்கே அரங்கேறிற்று. ஆதி மனிதன் கதிரவனைக் கண்டு வியந்து 'ஆ' என்றான்; அந்த ஒலியிலிருந்து பிறந்தது துருக்கியம்; அதிலிருந்து பிறந்தன உலக மொழிகள் எல்லாம்! நகைக்காதீர்கள். எழுத்தை மாற்றி, மதத்தை அரசிலிருந்து விலக்கி, பெண்களுக்கு வாக்குரிமை அளித்த அத்தாதுர்க்கின் ஆதரவு இதற்கு இருந்தது. பகுத்தறிவுப் பாதையிலே அவ்வளவு தொலைவு நடந்தவர்கள் இந்த ஒரு குழியிலே விழுந்தார்கள். அதிலே ஒரு வசதியும் இருந்தது: எல்லாச் சொல்லும் துருக்கியத்திலிருந்தே சென்றவை என்றால், அரபுச் சொல்லையும் பாரசீகச் சொல்லையும் களையும் சிக்கலான வேலையே இல்லாமற் போகிறதல்லவா! 1938-இல் அவர் மறைந்ததும் கொள்கையும் மறைந்தது. வியன்னாவிலிருந்து வந்த ஒரு கட்டுரையிலே பொறி கிளம்பிய தீ அது என்பதும் குறிக்கத்தக்கது. பெருமையைக்கூட இறக்குமதி செய்தார்கள்.

சோவியத் நாட்டிலே நடந்தது நகைக்கக்கூடியதன்று. நிகோலாய் மார் என்பவர் உலக மொழிகள் யாவும் 'சல், பெர், யோன், ரோஷ்' என்னும் நான்கு ஒலிக்கூறுகளிலிருந்து பிறந்தவை என்றார். அரசு அதை ஏற்றது. அரசு ஏற்றதால் அறிவியல் என்றார்கள். எவ்கேனி பொலிவானோவ் என்னும் மொழியறிஞர் 1929-இலே எழுந்து நின்று, சான்று எங்கே என்று கேட்டார். கொரியத்துக்கும் அல்தாய் மொழிகளுக்கும் உறவு உண்டு என்று எழுதியவர் அவர். அந்த முடிவை நாம் ஏற்கவில்லை. ஆனால் விதி காட்டி, சொல் காட்டி, வாதாடியவர். அவரைப் பதவிகளிலிருந்து விரட்டினார்கள். 1937-இலே ஜப்பானின் ஒற்றர் என்று பழிசுமத்திக் கைது செய்தார்கள். 1938 ஜனவரியிலே சுட்டுக் கொன்றார்கள். மாரின் கொள்கை ஸ்டாலினே 1950-இல் எழுதி வீழ்த்தும்வரை நின்றது. கொள்கை வந்ததும் ஆணையால், போனதும் ஆணையால்! இடையிலே சான்று கேட்டவன் மட்டும் மண்ணுக்குள் போனான். 1963-இல்தான் அவன் குற்றமற்றவன் என்று அறிவித்தார்கள்.

அயலாரைப்பற்றி மட்டுமே பேசிவிட்டு எழுந்துபோவது நேர்மையாகாது. நம்மிடையே மேடையேறி, 'கொல்' என்ற தமிழிலிருந்தே ஆங்கிலத்தின் 'கில்' பிறந்தது, 'ஒன்று' என்பதிலிருந்தே 'ஒன்' பிறந்தது என்று முழங்குவோர் இல்லையா? கைதட்டுவோரும் நாம்தானே! பாரசீகத்திலும் 'பத்' என்றால் தீயது, ஆங்கிலத்திலும் 'பேட்' என்றால் தீயது. இரண்டுக்கும் இச்சொல்லிலே எந்தத் தொடர்பும் இல்லை. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பபரம் மொழியிலே நாய்க்கு 'தோக்' என்றே பெயர், ஆங்கிலத்திலும் 'டாக்'. தற்செயல்! ஜப்பானின் சுசுமு ஓனோ தம் மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று பல்லாண்டு எழுதினார். இங்கே மாலை சூட்டி வரவேற்றோம். அவர் நாட்டு மொழியியலாரிலே பெரும்பாலோர் ஏற்கவில்லை என்ற செய்தியை மட்டும் மாலையோடு சேர்த்து நாம் படிக்கவில்லை. அவர் ஒருவேளை சரியாகவே சொல்லியிருந்தாலும் நாம் கைதட்டியது சான்றைப் படித்தா? துருக்கியரின் சூரியனைக் கண்டு சிரித்த வாய் இங்கே வந்ததும் ஏன் மூடிக்கொள்கிறது?

நம் மனத்தை அறுக்கும் செய்தி வேறொன்று உண்டு. 1644 முதல் 1912 வரை சீனப் பேரரசை ஆண்ட மரபின் மொழி மஞ்சு. ஆவணக் காப்பகங்களிலே அம்மொழி ஏடுகள் மலைமலையாகக் குவிந்திருக்கின்றன. தாய்மொழியாகப் பேசுவோர் யார்? வடகிழக்குச் சீனத்தின் சான்ஜியாட்சு போன்ற சிற்றூர்களிலே விரல்விட்டு எண்ணத்தக்க முதியவர்கள். 1764-இலே காவலுக்கென்று மேற்கெல்லை இலி பள்ளத்தாக்குக்கு அனுப்பப்பட்ட சிபெ வீரர்களின் வழியினர் பேசும் மொழியே அதன் உயிருள்ள உறவு. 9,000 ஆண்டுகளுக்கு முந்திய தாயைத் தோண்டுவதற்குப் படை திரண்டது. கண்ணெதிரே மூச்சடங்கும் மகளின் பக்கத்திலே அமர்ந்து அவள் சொற்களை எழுதிக்கொள்ள எத்தனை பேர் சென்றனர்? 2020-இலே உள்மங்கோலியப் பள்ளிகளில் மொழியிலக்கியம், அரசியல், வரலாறு ஆகிய பாடங்கள் மங்கோலியத்திலிருந்து சீனத்துக்கு மாற்றப்பட்டபோது பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தனர், தெருவிலே நின்றனர். தங்கள் மொழி அல்தாய்க் குடும்பமா, தனிக் குடும்பமா என்று கேட்டுக்கொண்டா நின்றனர்? பிள்ளையின் வாயிலே இருக்கும் மொழி என்பதே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது. தொன்மைச் சான்றிதழ் காட்டினால்தான் ஒரு மொழிக்கு உரிமை என்ற எண்ணம் எவனுக்கு வசதி? சான்றிதழ் இல்லாத சிறுமொழியை விழுங்கக் காத்திருப்பவனுக்கே வசதி.

சுவர்ப்படத்தைக் கழற்றிவிட வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டோம். பள்ளிச் சொத்து, கழற்றக் கூடாது என்றார். வெள்ளைத்தாள் ஒட்டலாமா என்றோம். சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, ஒட்டலாம் என்றார். மஞ்சளின் மீது வெள்ளைத்தாளை ஒட்டி, கேள்வி கேட்ட அதே மாணவனிடம் வண்ணக்கோல் பெட்டியைக் கொடுத்தோம். துருக்கியக் கிளைகளுக்குச் சிவப்பு, சுவாஷுக்கும் அதே சிவப்பு. மங்கோலியத்துக்கு நீலம். துங்கூசியத்துக்குப் பச்சை, மஞ்சு இருக்கும் இடத்திலே கோலை மெல்லத்தான் அழுத்தினான். ஜப்பானியத்துக்கும் ரியூக்யூத் தீவுகளின் மொழிகளுக்கும் சேர்த்து ஊதா. கொரியத்துக்கு வந்தபோது பெட்டியிலே மீதி இருந்தது மஞ்சள் ஒன்றுதான். அவன் நம்மைப் பார்த்தான். பிறகு மஞ்சளை மூடி வைத்துவிட்டு, கரிக்கோலால் அந்தத் தீபகற்பத்தைக் கோடு கோடாக நிரப்பினான்.